உட்ரோ வில்ஸன்

சட்டத்தை மீறுவோனைத் தண்டிக்க அரசுண்டு. அரசே சட்டத்தை மீறுமாயின் தண்டிப்பவர் யாவர்? இவ்வினாவிற்கு விடைகாண முயன்று, அம்முயற்சியிலேயே உடல் நலம் இழந்தவர் உட்ரோ வில்ஸன்.

இவர் 1856-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் அமெரிக்காவில், வர்ஜீனியாவைச் சார்ந்த ஸ்டாண்டன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் பிரெஸ்பிட்டேரியன் திருச்சபைப் போதகர். பிரின்ஸ்டனில் கல்வி பயின்ற வில்ஸன், 1902-இல் அச்சர்வகலாசாலைக்கே தலைவரானார். 1913-இல் அமெரிக்க ஜனாதிபதியானார்.

மகாயுத்தம் முடிந்தபின், 1919-இல் பாரிஸ் நகரில் சமாதான மகாநாடு கூடிற்று. சர்வதேச சங்கத்தின் உடன்படிக்கையை வகுத்த குழுவிற்கு வில்ஸனே தலைமை வகித்தார். அவ்வுடன்படிக்கையின் 16-ஆம் விதி நாம் ஊன்றி நோக்கற்பாலது. உடன்படிக்கையை மீறிப் போர் தொடுக்கும் நாடு, அங்கத்தினர் அனைவர் மீதும் போர் தொடுத்ததாகவே கருதப்படும். அதனோடு வாணிபமும் பணத் தொடர்பும் உடனே அறுக்கப்படும் என்பது அதன் கருத்து. பீரங்கி முழக்கமின்றியே இப்பகிஷ்காரம் எந்நாட்டையும் பணிவிக்கும் என்று வில்ஸன் உறுதியாக நம்பினார்.

ஆனால் அவரது நாட்டு ஸெனெட் சபை இசையவில்லை. உடன்படிக்கையை ஏற்பதற்குச் சில வரையறைகள் வேண்டுமென்றனர் சபையார் பலர். வில்ஸன் இணங்காது, மக்களிடமே முறையிடக் கருதி, 1919 செப்டம்பரில் ரெயிலேறி ஊர்தோறும் சென்று பேசினார். புவெப்லோ என்னும் நகரில் பேசியபின் தளர்ந்தார். அக்டோபர் 2-ஆம் நாள் பக்கவாதம் அவரை வீழ்த்தியது. நோய்ப்படுக்கையிலிருந்தும், வரையறைகளோடு கூடிய உடன்படிக்கையை எதிர்க்குமாறே தம் கட்சியினரைத் தூண்டினார். 1919 நவம்பரிலும் 1920 மார்ச்சிலும் சபை அதனை நிராகரித்தது. 1924 பிப்ரவரி 3-ஆம் நாள் வில்ஸன் காலமானார்.

1935 அக்டோபரில் இத்தாலி அபிஸீனியாவைத் தாக்கிற்று. சங்கம் நவம்பரில் பொருளாதாரத் தடை விதித்தும், போர் வண்டிகளுக்கு உயிரான எண்ணெயைத் தடுக்கவில்லை. சங்கத்திற்குப் புறம்பே நின்ற அமெரிக்கா எண்ணெய் விற்குமே என்ற ஐயம் அத்தயக்கத்திற்கு ஒரு காரணம். 1936 மே மாதத்தில் அடிஸ் அபாபா வீழ்ந்தது. ஜூலையில் தடைகளும் நீக்கப்பட்டன.

1945-இல் தோன்றிய ஐக்கிய நாடுகள் சாசனத்தின் 41-ஆம் விதி, அதே ஆயுதத்தைப் பாதுகாப்புச் சபையின் கையில் அளித்துள்ளது. ஊர் கூடினாலன்றித் தேர் நகராது. நாடுகள் கூடினாலன்றித் தடை பலியாது. கொள்கையில் உறுதி வேண்டும். மாற்றுக் கருத்தினரையும் இணைத்துக்கொள்ளும் பொறுமையும் அதனோடு வேண்டும். இவ்விரண்டையும் வில்ஸன் வாழ்க்கை நமக்கு ஒருங்கே உணர்த்துகின்றது.