வெற்றிக்குப் பின் வருந்திய மன்னர்

அசோகர் என்றதும் சாலையோரங்களில் மரம் நட்டவர் என்பதுதான் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வரும். சிலர் அதைக் கேலியாகக்கூடச் சொல்வதுண்டு. மரம் நட்டது உண்மைதான். ஆனால் அந்த மரங்களுக்கு முன்னால் ஒரு போர் இருக்கிறது. அந்தப் போரில் தாம் செய்ததை அவர் எப்படி எதிர்கொண்டார் என்பதே அவருடைய வாழ்க்கையில் நாம் அறிய வேண்டிய பகுதி.

மௌரியப் பேரரசை நிறுவிய சந்திரகுப்தரின் பேரன் அசோகர். தந்தை பிந்துசாரர். தலைநகரம் பாடலிபுத்திரம், அதாவது இன்றைய பாட்னா. ஏறக்குறைய கிமு 268ஆம் ஆண்டில் அவர் முடிசூடினார் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். அரியணைக்காக அவர் தம் சகோதரர்கள் 99 பேரைக் கொன்றதாக இலங்கையின் பழைய வரலாற்று நூல்கள் கூறுகின்றன. இதை அப்படியே நம்ப முடியாது. ஏனென்றால் சகோதர சகோதரிகளின் இல்லங்களைப் பற்றி அசோகரின் கல்வெட்டு ஒன்றே குறிப்பிடுகிறது. கொடியவராக இருந்தவர் பௌத்தரானதும் ஒரே நாளில் நல்லவராகிவிட்டார் என்று காட்டுவதற்காகப் பின்னாளில் சேர்க்கப்பட்ட கதையாக அது இருக்கலாம். உண்மையில் நடந்த மாற்றம் அவ்வளவு எளிதானதாக இருக்கவில்லை.

கலிங்கப் போர்

முடிசூடிய எட்டாம் ஆண்டில் அசோகர் கலிங்கத்தின்மீது படையெடுத்தார். கலிங்கம் என்பது பெரும்பாலும் இன்றைய ஒடிசா மாநிலத்தின் கடலோரப் பகுதி. போரில் அசோகர் வென்றார். பொதுவாக வென்ற மன்னர்கள் தங்கள் வீரத்தைத்தான் கல்லில் பொறிப்பார்கள். அசோகர் பொறித்தது வேறு. 13ஆம் பாறைக் கல்வெட்டில் 1,00,000 பேர் கொல்லப்பட்டதாகவும், 1,50,000 பேர் நாட்டைவிட்டுக் கொண்டு செல்லப்பட்டதாகவும், அதைவிடப் பல மடங்கு மக்கள் மாண்டதாகவும் அவர் தெரிவிக்கிறார். இவை எதிரிகள் சுமத்திய கணக்கல்ல. வென்றவரே தந்த கணக்கு.

அதற்கு அடுத்து வரும் பகுதிதான் நம்மை யோசிக்க வைக்கிறது. இறந்தவர்களை எண்ணியதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. பெற்றோரை மதித்து, பணியாளர்களை நன்றாக நடத்தி, ஒழுங்காக வாழ்ந்த குடும்பத்தினரும் அன்புக்குரியவர்களைப் பிரிந்தார்கள் என்கிறார். தமக்கு ஒன்றும் நேராமல் தப்பியவர்கள்கூட நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் நேர்ந்த கதியால் துன்புற்றார்கள் என்கிறார். அதுவும் அவர்களுக்கு இழைக்கப்பட்ட தீங்கே என்பது அவர் கருத்து.

துன்பத்தின் கணக்கு

இந்தப் பார்வையைப் புரிந்துகொள்ளப் புத்தரின் போதனையை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். புத்தர் சாரநாத்தில் ஆற்றிய முதல் உரையில் நான்கு உண்மைகளை விளக்கினார் என்பது பௌத்த மரபு. வாழ்க்கையில் துன்பம் உண்டு. அதற்குக் காரணம் தணியாத வேட்கை. அந்த வேட்கை நீங்கினால் துன்பம் நீங்கும். அதற்கு வழி, நற்காட்சி தொடங்கி நல்லொருக்கம் வரை செல்லும் எட்டு உறுப்புகள் கொண்ட பாதை. பிறப்பு, மூப்பு, இறப்பு மட்டும் துன்பம் அல்ல, அன்புக்குரியவர்களைப் பிரிவதும் துன்பம் என்று அந்தப் போதனை சொல்கிறது.

அசோகரின் கல்வெட்டுகள் இந்த நான்கு உண்மைகளைப் பட்டியலிடவில்லை. ஆனாலும் கலிங்கத்தைப் பற்றி எழுதும்போது அவர் பிரிவையும் துன்பமாகவே கணக்கிடுகிறார். அந்தத் துன்பத்தின் காரணத்தைத் தம்மிடமே தேடுகிறார். நாடு பிடிக்கும் ஆசைதான் அந்தக் காரணம். ஆகவே தம் மகன்களும் பேரன்களும் புதிய போர்வெற்றிகளை நாட வேண்டாம் என்றும், அறத்தால் மனங்களை வெல்வதே மேலான வெற்றி என்றும் அறிவுறுத்துகிறார்.

இந்த மாற்றம் உடனே முழுமை பெறவில்லை என்பதையும் அவரே ஒப்புக்கொள்கிறார். தாம் பௌத்த இல்லறத்தாராகி இரண்டரை ஆண்டுகளுக்கு மேலாகிறது என்றும், தொடக்கத்தில் ஓராண்டு பெரிதாக முயற்சி செய்யவில்லை என்றும், சங்கத்தை நெருங்கிய பிறகே தீவிரமாக முயன்றதாகவும் அவருடைய சிறு பாறைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. ஒரு பேரரசர் தம் சோம்பலை ஊரறியக் கல்லில் எழுதி வைப்பது அரிதான செயல்.

அறம் அன்றாடமானது

அசோகர் பரப்பிய தம்மத்தில் கடினமான தத்துவம் எதுவும் இல்லை. பெற்றோரையும் ஆசிரியரையும் மதிக்க வேண்டும். வேலையாட்களிடம் அன்பு காட்ட வேண்டும். உயிர்களைக் கொல்லக் கூடாது. குறைவாகச் செலவு செய்து, குறைவாகச் சேர்க்க வேண்டும். பிறர் சமயத்தை இழிவுபடுத்தித் தன் சமயத்தைப் புகழ்பவர், தன் சமயத்துக்கே கேடு செய்கிறார் என்றும் அவர் எச்சரித்தார். பல இனத்தவரும் பல சமயத்தவரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் நமக்கு இது பழைய செய்தியாகத் தோன்றவில்லை.

அரண்மனைச் சமையலறையில் தினமும் கொல்லப்பட்ட எண்ணற்ற விலங்குகள், இரண்டு மயில்களாகவும் ஒரு மானாகவும் குறைந்தன. பின்னர் அவையும் கொல்லப்படமாட்டா என்று அறிவித்தார். மன்னர்களின் வேட்டைப் பயணங்களுக்குப் பதிலாக அறப் பயணங்கள் வந்தன. மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவ வசதி செய்து, மூலிகைகள் இல்லாத இடங்களுக்கு அவற்றைக் கொண்டுபோய் நட்டார். இந்த வசதி சென்ற நாடுகளில் சோழ, பாண்டிய நாடுகளும் இலங்கையும் அடங்கும் என்கிறது 2ஆம் பாறைக் கல்வெட்டு. அவை அவருடைய ஆட்சிக்கு வெளியே இருந்தவை. நிழல் தரும் ஆலமரங்களும் மாந்தோப்புகளும் கிணறுகளும் இதே வரிசையில் வந்தவைதான்.

நிறைவேறாதவை

அசோகரைக் குறையே இல்லாதவராகக் காட்டினால் அது நேர்மையாகாது. கலிங்கத்தை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. கொண்டு செல்லப்பட்ட 1,50,000 பேரும் ஊர் திரும்பியதாக 13ஆம் கல்வெட்டில் ஒரு சொல்கூட இல்லை. அதே கல்வெட்டில் காட்டுவாசிகளிடம் இரக்கத்தோடு பேசினாலும், தண்டிக்கும் வலிமை தமக்கு உண்டு என்று எச்சரிக்கவும் செய்கிறார். மரண தண்டனையும் நீடித்தது. தண்டனை பெற்றவர்களுக்கு மூன்று நாள் அவகாசம் மட்டும் தரப்பட்டது.

இன்னொன்றும் உண்டு. கலிங்கத்துக்குள் இருக்கும் தௌலியிலும் ஜௌகடாவிலும் அந்த 13ஆம் கல்வெட்டு பொறிக்கப்படவில்லை. மற்ற இடங்களில் தெரிவித்த வருத்தத்தை, பாதிக்கப்பட்ட மக்களின் மண்ணில் அவர் தெரிவிக்கவில்லை. அங்கே வேறு இரண்டு கல்வெட்டுகள் உள்ளன. மக்கள் அனைவரும் தம் பிள்ளைகள் என்று அவற்றில் சொல்லி, காரணமின்றி யாரையும் சிறையிலிடவோ வதைக்கவோ கூடாது என்று அதிகாரிகளுக்குக் கட்டளையிடுகிறார். பொறாமை, கோபம், கொடுமை, அவசரம், சோம்பல் ஆகியவற்றை விடுமாறும் கூறுகிறார். காயம்பட்டவர்களிடம் நேராக மன்னிப்புக் கேட்பது பேரரசருக்கும் கடினமாக இருந்திருக்கலாம். ஆனால் அவர்கள் மீண்டும் காயப்படாமல் இருக்க அவர் ஏற்பாடு செய்தார்.

அசோகர் ஏறக்குறைய கிமு 232இல் மறைந்தார். காலப்போக்கில் அவருடைய எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தவர்களே இல்லாமல் போயினர். 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்துகளைப் படித்தறிந்த பிறகே அந்தப் பாறைகள் மீண்டும் பேசின. சாரநாத்தில் இருந்த அவருடைய சிங்கத் தூண் 1950இல் இந்தியாவின் தேசியச் சின்னமானது.

இன்று சமூக ஊடகங்களில் மன்னிப்புகளுக்குப் பஞ்சமில்லை. யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன் என்று இரண்டு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். யாருக்கு, எவ்வளவு துன்பம், எதனால் என்று அந்த வரிகளில் இருப்பதில்லை. அசோகர் இந்த மூன்றையும் எழுதினார். அதன் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆட்சியில் இருந்து, தாம் செய்ததைச் சிறிது சிறிதாகச் சரிசெய்ய முயன்றார். எல்லாவற்றையும் அவரால் சரிசெய்ய முடியவில்லை. இருந்தும் முயற்சியை விடவில்லை. சாலையோர மரங்களைப் பற்றி இனி யாராவது பேசினால், இந்தக் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.