நாணலின் அருமை அறிந்தவர்

நுழையும்முன்

வயலில் விளையும் பயிரே பயனுடையது என்றும், காட்டில் தானே முளைக்கும் செடி வீணானது என்றும் பலர் எண்ணுவர். அவ்வெண்ணம் பிழை என்பதைத் தம் ஆய்வாலும் வாழ்வாலும் உணர்த்திய தாவரவியல் அறிஞர் ஒருவரின் வரலாற்றை அறிவோம்.

ஜானகி அம்மாள் 1897ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் தலச்சேரியில் பிறந்தார். இன்று கேரளத்தில் உள்ள அவ்வூர் அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. நீதித்துறையில் பணியாற்றிய தந்தையார் செடிகொடிகளிலும் பறவைகளிலும் ஈடுபாடு மிக்கவர். அவ்வீடுபாடு மகளுக்கும் வாய்த்தது. சென்னை இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்ற அவர், மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியரானார். பெண்கள் உயர்கல்வி பெறுவது அரிதாயிருந்த அக்காலத்தில், உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்றார். 1931இல் முனைவர் பட்டம் பெற்றார்.

தாயகம் திரும்பியபின், கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பணியேற்றார். இனிப்பு மிகுந்த பருத்த கரும்பு வட இந்தியக் குளிரையும் வறட்சியையும் தாங்கவில்லை. ஆற்றங்கரை நாணலோ மெலிந்தது, இனிப்பற்றது, ஆயினும் வறட்சிக்கும் நோய்க்கும் அஞ்சாதது. இவ்விரண்டையும் இணைத்து உருவாக்கிய கலப்பினக் கரும்பை அந்நிலையம் 1918இலேயே வெளியிட்டிருந்தது. மழைக்காலத்தின் முடிவில் யமுனைக் கரையில் வெண்பூக்களுடன் அசையும் புல்லை நீங்கள் கண்டிருக்கலாம். இந்தியில் கான்ஸ் எனப்படும் அப்புல்லே நாணல். அதனைப் பயனற்றதென்று முற்றிலும் அழித்திருந்தால், கரும்புக்கு அவ்வலிமை எங்கிருந்து கிடைத்திருக்கும்? ஜானகி அம்மாள் கரும்பு, நாணல் ஆகியவற்றின் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். கரும்பை மக்காச்சோளம் முதலிய புல்லினங்களோடு இணைத்துக் கலப்பினங்களையும் உருவாக்கினார்.

பின்னர் இங்கிலாந்து சென்று, உலகப்போரின் குண்டுவீச்சுக்கு நடுவிலும் ஆய்வைத் தொடர்ந்தார். பயிர்த் தாவரங்களின் குரோமோசோம்களைத் தொகுத்து, டார்லிங்டன் என்னும் அறிஞரோடு அவர் எழுதிய நூல் 1945இல் வெளிவந்தது. மக்னோலியா மலர்வகை ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று 1951இல் இந்தியா திரும்பிய அவர், இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றார். நாட்டின் காடுகள் விரைந்து அழிவது அவரை வருத்தியது. ஒருமுறை ஓர் அரிய மக்னோலியா மரத்தைக் காண ஷில்லாங்கிலிருந்து 37 மைல் சென்றார். அப்பகுதியில் அவ்வினத்தில் இருந்தது அந்த ஒரே மரம். அங்கு அவர் கண்டதோ, அது எரிக்கப்பட்டிருந்ததைத்தான்.

முதுமையிலும் அவர் ஓயவில்லை. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழை ஆற்றின் குறுக்கே அணை கட்டத் திட்டமிடப்பட்டது. மின்சாரம் நாட்டுக்குத் தேவையே. ஆயினும், சோலைமந்திகள் வாழும் அம்மழைக்காடு நீரில் மூழ்கினால் மீளாது. எண்பது வயதை எட்டிய ஜானகி அம்மாள் அணைக்கு எதிராகக் குரல் கொடுத்ததோடு, அக்காட்டு மரங்களின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்கவும் துணிந்தார். பலரது முயற்சியால் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் அப்பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதனைக் காண அவர் இல்லை. அவ்வாண்டு பிப்ரவரி 7ஆம் நாள் மறைந்துவிட்டார். 1977இல் நடுவணரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியிருந்தது.

இன்று களை எனப்படுவது நாளை பயிரைக் காக்கலாம். மறைந்த இனத்தையோ எவராலும் மீட்க இயலாது. ஆகவே, ஒரு செடியின் பயன் நமக்குத் தெரியாமை அதனை அழிப்பதற்குக் காரணமாகாது.

சொற்பொருள்
தாயகம் – பிறந்த நாடு
கலப்பினம் – இரு வகைகள் இணைந்து தோன்றிய புதுவகை
களை – பயிரிடையே முளைக்கும் வேண்டாச் செடி

சிந்தித்து எழுதுக
1. கரும்புக்கு நாணல் எவ்வாறு உதவியது?
2. அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டுவதை ஜானகி அம்மாள் எதிர்த்தது ஏன்?
3. உம் பள்ளி வளாகத்தில் தானே முளைத்த ஐந்து செடிகளைக் கண்டறிந்து, அவற்றின் பெயர்களைத் தமிழிலும் உம் ஊர் மொழியிலும் எழுதுக.