பேரரசி ஜூலியா தோம்னாவும் அவர் குடும்பத்து வெள்ளி நாணயங்களும்

பழம்பொருள் சேர்ப்போர் பலதிறத்தினர். சிலர் பண்டை மட்கலங்களைச் சேர்ப்பர். சிலர் ஏட்டுச் சுவடிகளைத் தேடுவர். சிலர் நாணயங்களைத் திரட்டுவர். இவற்றுள் நாணயம் திரட்டுதற்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. மாளிகையும் மண்டபமும் அரசன் ஓரிடத்தில் நிறுத்தியவை. அவற்றைக் காண வேண்டின் நாம் அங்கே செல்லுதல் வேண்டும். நாணயமோ அவன் முகத்தையும் பெயரையும் தாங்கிப் படைவீரன் பையிலும், வணிகன் பெட்டியிலும், உழவன் முடிச்சிலும் நாடெங்கும் உலவியது. நெடுங்காலம் மண்ணுள் உறங்கிக் கிடந்து, பின்னர் நம் உள்ளங்கையில் வந்து அமர்வதும் அதுவே.

உரோமப் பேரரசில் வழங்கிய வெள்ளி நாணயத்துக்குத் தெனாரியஸ் என்பது பெயர். செவீரஸ் மரபினர் காலத்தில் அஃது ஏறத்தாழ மூன்றரைக் கிராம் எடையும், இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலமும் உடையதாயிருந்தது. ஒருபுறத்தில் அரசன் அல்லது அரசியின் தலை. மறுபுறத்தில் ஒரு தெய்வம், அல்லது பெண்ணுருவாக அமைத்த ஒரு நற்குணம். சுற்றிலும் இலத்தீன் எழுத்துகள். பல நூற்றாண்டுகளாக அடிக்கப்பெற்ற இந்நாணயங்கள் அனைத்தையும் ஒருவர் திரட்டுதல் அரிது. ஆதலின் சேகரிப்போர் சிலர் ஓர் அரச குடும்பத்தை மட்டும் தெரிந்தெடுத்துக்கொள்வர். அவ்வாறு தெரிந்தெடுத்தற்கு மிகவும் ஏற்றது, கி. பி. 193 முதல் 235 வரை, இடையில் ஓராண்டு நீங்கலாக, ஆட்சி செலுத்திய செவீரஸ் மரபினரின் குடும்பமாகும். இக்குடும்பத்தின் நடுநாயகமாக விளங்கியவர் ஜூலியா தோம்னா அம்மையார். அவர் வரலாற்றை, அந்நாணயங்களை வரிசையாக வைத்துக்கொண்டு ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

ஜூலியா தோம்னா சிரியா நாட்டில் எமெசா நகரிற் பிறந்தார். இக்காலத்தில் அந்நகர் ஓம்ஸ் என வழங்கும். அவர் தந்தையாகிய ஜூலியஸ் பாசியானஸ், அவ்வூர்ச் சூரியதேவன் கோயிலின் தலைமைப் பூசகர். மேசா என்னும் உடன்பிறந்தாள் ஒருத்தியும் அவர்க்கு இருந்தாள். அவரை மணந்த செப்டிமியஸ் செவீரஸ், ஆப்பிரிக்காவின் வடகரையில் லெப்திஸ் மாக்னா என்னும் ஊரினர். முதல் மனைவியை இழந்தவர். சோதிடத்தில் மிகுந்த பற்றுடையவர். சிரியாவிலுள்ள ஒரு மங்கையின் சாதகம் அவள் மன்னனை மணப்பாள் என்று காட்டுவதாகக் கேள்வியுற்று, அவளையே தேடி மணம் பேசினார் என்று பழைய நூலொன்று கூறும். சாதகக் கதை எத்தன்மையதாயினும், 187-ஆம் ஆண்டளவில் திருமணம் நிகழ்ந்தது. அப்பொழுது செவீரஸ் கால் நாட்டில் லியோன் நகரிலிருந்து ஆளுநராய்ப் பணிபுரிந்தார். அந்நகரிலேயே 188-இல் மூத்த மகன் பிறந்தான். அடுத்த ஆண்டில் இளையவன் கெத்தா பிறந்தான்.

193-ஆம் ஆண்டு உரோமாபுரிக்குக் கொடிய ஆண்டு. அரசன் பெர்த்தினாக்சைக் காவற்படையினரே மார்ச்சு மாதத்திற் கொன்று, மிகுதியான பணம் கொடுப்பவனுக்கு அரியணையை ஏலம் விட்டனர். தித்தியஸ் ஜூலியானஸ் என்னும் செல்வன் அதனை வாங்கினான். இச்செய்தி எட்டியதும், தன்யூபு நதிக்கரைப் படைகள் தம் ஆளுநராகிய செவீரசை அரசராக ஏற்றன. அவர் விரைந்து தலைநகர் சேர்ந்தார். விலைக்கு வாங்கியவன் இரண்டே திங்களில் உயிரிழந்தான். கிழக்கில் நைகர், மேற்கில் அல்பினஸ் என எழுந்த இரு பகைவரையும் அடுத்தடுத்து வென்று, 197-இல் செவீரஸ் பேரரசு முழுவதற்கும் தனிநாயகரானார். கீழ்நாட்டுப் பூசகரின் மகள் உலகப் பேரரசியானார்.

அம்மையாரின் முதல் நாணயங்கள் இப்போராட்டக் காலத்தவை. அவற்றில் அவர் பெயர் ஜூலியா தோம்னா என்றே முழுமையாக உள்ளது. மறுபுறத்தில் வெற்றித் திருவாகிய வீனஸ் ஒரு தூணிற் சாய்ந்து, நமக்கு முதுகு காட்டி நிற்கிறாள். 196-ஆம் ஆண்டளவில் தோம்னா என்னும் சொல் மறைந்து, ஜூலியா அகஸ்தா என்னும் பெயர் வருகிறது. கணவர் இறந்த பின்னர் அடித்தவற்றில் பக்தியும் பாக்கியமும் உடைய ஜூலியா என்று பெயர் நீள்கிறது. ஆகவே, சேகரிப்பவர் பெயரை மட்டும் நோக்கியே அம்மையாரின் நாணயங்களை மூன்று காலங்களாகப் பிரித்து வைக்கலாம். அலையலையாகச் சீவிப் பின்புறம் பெரிதாகத் திரட்டிக் கட்டிய அவர் கூந்தல், எழுத்துத் தேய்ந்த நாணயத்திலும் அவரை இனங்காட்டும்.

அவர் அந்தப்புரத்திலேயே அமர்ந்திருந்தவர் அல்லர். கணவருடன் போர்முனைகளுக்கும் சென்றார். 195-இல் பாசறைகளின் தாய் என்னும் பட்டம் அவர்க்கு அளிக்கப்பெற்றது. படையின் அன்பே தம் ஆட்சிக்கு அடிப்படை என்பதைச் செவீரஸ் நன்கு அறிவார். ஆதலின் வீரரின் சம்பளத்தை உயர்த்தினார். அச்செலவுக்கு ஈடுசெய்ய வெள்ளியிற் செம்பைக் கூட்டினார். நாணயத்தில் வெள்ளியின் பங்கு ஏறத்தாழப் பாதியாயிற்று. நம் கொங்கு நாட்டிற் புதையலாகக் கிடைத்த உரோம வெள்ளிக்காசுகளுட் பெரும்பாலானவை அகஸ்தஸ், திபேரியஸ் என்னும் முற்காலத்து அரசர்களுடையவை. அவை ஏறத்தாழத் தூய வெள்ளி. அவற்றோடு செவீரஸ் காசை ஒப்பிடின், ஒளி குன்றாத முகமும் உரம் குன்றிய உடலும் உடையது இது என்பது விளங்கும். அக்குடும்பத்தின் நிலையும் அத்தகையதே.

மூத்த மகனை வரலாற்றில் யாவரும் கரகல்லா என்று அழைப்பர். அஃது அவன் விரும்பி அணிந்த ஒருவகைப் போர்வையால் வந்த பட்டப்பெயர். நாணயங்களில் எங்கும் இல்லை. புகழ்பெற்ற மார்க்கஸ் அவுரேலியஸ் அரசரின் மகனாகத் தம்மைச் செவீரஸ் அறிவித்துக்கொண்டமையால், மகனுக்கும் அவ்வரசரின் குடிப்பெயராகிய அந்தோனினஸ் என்பதே சூட்டப்பெற்றது. 196-இல் அடித்த காசில் அவன் கன்னம் பருத்த சிறுவன். அடுத்த சில ஆண்டுகளில் மெலிந்த இளைஞன். இறுதியில் குறுந்தாடியும் சுருங்கிய புருவமும் சினந்த நோக்கும் உடையவன். ஒரு பிள்ளை கொடுங்கோலனாய் வளர்ந்ததை ஏறத்தாழ ஆண்டுதோறும் காட்டும் வரிசை இது. கெத்தாவின் நாணயங்களும் அவ்வாறே சிறுவன் முகத்தில் தொடங்குவன.

சகோதரர் இருவர்க்கும் இளமை தொட்டே பகை. குட்டிக் குதிரைகள் பூட்டிய தேரில் இருவரும் ஒருமுறை போட்டியிட்டபோது, மூத்தவன் விழுந்து காலை முறித்துக்கொண்டான் என்று அக்காலத்து வரலாற்றாசிரியரும் ஆட்சிமன்றத்தவருமாகிய தியோ காசியஸ் எழுதியுள்ளார். ஆயினும் நாணயச்சாலை ஒற்றுமையையே ஓயாது அடித்து வெளியிட்டது. பொற்காசு ஒன்றில், நேர்முகம் காட்டும் தாயின் இருபுறத்தும் மைந்தர் இருவரும் ஒருவரையொருவர் நோக்கியிருக்கின்றனர். அதில் பொறித்த சொற்கள் இக்காலத்தின் இன்பநிலையைக் குறிப்பன. கரகல்லாவுக்கு 202-இல் பிளௌதில்லா என்பவளை மணம் செய்வித்தபோது, மணமக்கள் கைகோத்து நிற்கும் வெள்ளிக்காசுகள் வெளிவந்தன. அரசமரபின் பெருக்கம் என்பது அவற்றிற் சிலவற்றிற் பொறித்த வாழ்த்து. உண்மையில் அம்மணமகன் அவளைக் கண்ணெடுத்தும் பாராதவன். மூன்றாண்டுகளில் அவள் தந்தை பிளௌதியானஸ் கொல்லப்பட்டான். அவள் லிபாரித் தீவுக்கு நாடு கடத்தப்பட்டு, பின்னர் அங்கேயே கொலையுண்டாள்.

அப்பிளௌதியானஸ், காவற்படைத் தலைவனாய் அரசர்க்கு நிகரான அதிகாரம் செலுத்திய நாளில், அம்மையாரை ஓயாது பழித்துத் துன்புறுத்தினான். அக்காலத்தில் அவர் தத்துவ ஆராய்ச்சியில் மனத்தைச் செலுத்தினார். அறிஞர் குழு ஒன்று அவரைச் சூழ்ந்திருந்தது. கிரேக்க ஆசிரியர் பிலோஸ்திராத்தஸ் தியானாவூர் அப்பொல்லோனியசின் வரலாற்றை எழுதத் தொடங்கியது அம்மையாரின் ஏவலாலேயே.

208-இல் குடும்பம் முழுவதும் பிரித்தானியாவுக்குச் சென்றது. வடபுல மக்களை அடக்குதல் போருக்குக் காரணமாகக் கூறப்பட்டது. மைந்தரைத் தலைநகரின் கேளிக்கைகளினின்றும் பிரித்தலும் தந்தையின் உட்கருத்து. 211-ஆம் ஆண்டு பெப்ருவரி 4-ஆம் நாள் செவீரஸ் யார்க்கு நகரில் உயிர்துறந்தார். மைந்தர் ஒற்றுமையாய் வாழ்க என்பதும், படைவீரரைச் செல்வராக்குக என்பதும் அவர் இறுதி அறிவுரைகள். இரண்டாவதைக் கரகல்லா மறவாது போற்றினான்.

இருவரும் அரசராய் உரோமாபுரி மீண்டனர். அரண்மனையைத் தமக்குள் பிரித்துத் தனித்தனி வாயிலும் காவலும் அமைத்துக்கொண்டனர். பேரரசையே இரண்டாக வகுக்க அவர்கள் எண்ணியபோது, நிலத்தையும் கடலையும் பிரிப்பீர், தாயை எங்ஙனம் பிரிப்பீர் என்று கேட்டு அம்மையார் தடுத்தார் என்பது ஹெரோதியன் தரும் செய்தி. 211 திசம்பரில், உடன்பாடு பேசலாம் எனத் தாயின் வாயிலாகவே தம்பியை அவர் அறைக்கு வரவழைத்தான் கரகல்லா. மறைந்திருந்த படைத்தலைவர் சிலர் பாய்ந்தனர். கெத்தா அன்னையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறினான். அவர் மடியிலேயே வெட்டுண்டு இறந்தான். அம்மையாரின் கையிலும் காயம் பட்டது. கெத்தாவுக்கு வயது 22. ஈன்ற வயிறு அழுதற்கும் உரிமை இல்லை. பேராபத்தினின்றும் தப்பியவர்போல மகிழ்ந்திருக்க வேண்டும் என்பது மூத்தவன் கட்டளை.

அதன்பின் கெத்தா பிறந்ததே இல்லை என்னும்படி செய்ய முயன்றனர். பேரரசு முழுவதிலும் அவன் பெயரைக் கல்வெட்டுகளினின்றும் செதுக்கி எடுத்தனர். 203-இல் எழுப்பிய செவீரசின் வெற்றி வாயிலில், அவன் பெயர் இருந்த இடத்தில் வேறு சொற்கள் பொறிக்கப்பெற்றன. நாணயமாற்று வணிகரும் மாட்டு வணிகரும் உரோமாபுரியில் 204-இல் எடுப்பித்த சிறு வாயிலில், செவீரசும் ஜூலியாவும் நிற்க, அவர்கள் அருகே கெத்தா நின்ற இடம் வெறுங்கல்லாய் இருக்கிறது. எகிப்தில் வரைந்து, இப்போது பெர்லின் நகரில் உள்ள குடும்ப ஓவியத்திலும் இளையவனின் முகம் சுரண்டப்பட்டுள்ளது. ஆசிய நகரங்கள் சிலவற்றின் செப்புக்காசுகளில் உளியால் அவன் தலையை நீக்கியிருக்கின்றனர். அவன் உருவம் பொறித்த நாணயங்களையும் கரகல்லா உருக்குவித்தான் என்று தியோ உரைக்கின்றார்.

எனினும் நாணய விஷயத்தில் அம்முயற்சி பலிக்கவில்லை. கல் ஓரிடத்தில் நிற்பது. உளி அதனைச் சென்று சேரும். காசோ எண்ணற்ற மக்களின் பைகளிற் சிதறிக் கிடந்தது. வெள்ளிக்காக மட்டும் அதனைப் போற்றியவர் அதிலுள்ள முகத்தைப் பாராமலே புதைத்து வைத்தனர். இன்றும் கெத்தாவின் தெனாரியஸ் அருமையானதன்று. மிகுந்த பொருளில்லாத சேகரிப்பவரும் அதனை வாங்குகின்றனர். 1929-இல் பல்கேரியாவில் ரெக்கா தெவ்னியா என்னுமிடத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வெள்ளிக்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அவற்றுள் இக்குடும்பத்தாரின் காசுகள் ஏராளமாக இருந்தன. சகோதரர் இருவரும் ஒரே குவியலில் பதினாறு நூற்றாண்டுகளுக்கு மேல் பிரியாதிருந்தனர்.

இளைய மகனைக் கொன்ற மூத்தவனுடனேயே அம்மையாரின் எஞ்சிய வாழ்வு கழிந்தது. அவன் படைகளோடு திரிந்த காலத்தில், மனுக்களையும் கடிதங்களையும் ஏற்று ஆராயும் பொறுப்பு அவருடையதாயிற்று. நாணயங்களோ ஆட்சிமன்றத்தின் தாய், நாட்டின் தாய் என்று அவரைப் புகழ்ந்தன. 215-இல் கரகல்லா இரண்டு தெனாரியஸ் மதிப்புள்ள புதிய வெள்ளி நாணயத்தை வெளியிட்டான். அதில் அரசன் தலையிற் கதிர்முடி; அரசியின் மார்பளவு உருவம் பிறைமேல் அமைந்தது. இரண்டின் மதிப்புடையதாயினும், அதிலிருந்த வெள்ளி ஒன்றரைக் காசின் அளவே. 217 ஏப்பிரலில் கர்ரே என்னும் ஊரின் அருகே கரகல்லா தன் வீரனால் மாண்டான். அந்தியோக்கியாவில் இருந்த அம்மையார் முன்னரே மார்பில் நோயுற்றிருந்தவர். உணவை ஒறுத்து உயிர்நீத்தார். பின்னர் அவரைத் தெய்வமாக்கி அடித்த காசுகளில் மயில் ஒன்று தோகை விரித்து நிற்கின்றது. தமக்கை மேசாவின் சூழ்ச்சியால் அவள் பேரர் இருவர் அடுத்தடுத்து அரசராயினர். இரண்டாமவனாகிய அலெக்சாந்தர் 235-இல் தாயுடன் கொலையுண்டதும் அம்மரபு முடிந்தது.

நாணயம் சேர்க்க விரும்பும் மாணவ அன்பர்கள் இவ்வரலாற்றால் ஒன்று கருதுதல் நன்று. நாணயம் தன்னை அடித்தவன் விருப்பத்தையே பேசும். ஒற்றுமை என்று அதிற் கண்டால், ஒற்றுமை நிலவியது என்று துணியாது, அதனை ஏன் அத்தனைமுறை சொல்ல நேர்ந்தது என்று வினவுதல் வேண்டும். விடையை ஏடுகளிலும் கல்லிலும் தேடுதல் வேண்டும். காசின் பழமை நிறத்தைத் தேய்த்து நீக்காமலும், கிடைத்த இடத்தைக் குறித்து வைக்காமல் விடாமலும் காத்தல் அதற்குத் துணையாகும். தந்தை, தாய், தமையன், தம்பி என நான்கு தெனாரியஸ்களை ஒரு தட்டில் வரிசைப்படுத்திப் பாருங்கள். தாயின் காசை எவ்விடத்தில் வைப்பது என்னும்போது கை சற்றே தயங்கும். மைந்தர் இருவர்க்கும் நடுவிலேயே அதனை வைத்தல் தகும். அவ்விடத்தில் நிற்கவே அவர் வாழ்நாள் முழுதும் முயன்றார்.