கடலில் மூண்ட வாணிகப் போர்

பெருமரத்தின் நிழலில் சிறு செடி தழைப்பது அரிது. வாணிக உலகிலும் இவ்வியல்பு உண்டு. நெடுங்காலமாக வேரூன்றிய பெருங்கம்பெனி ஒன்றை எதிர்த்துப் புதியதொரு சிறு கம்பெனி தலையெடுப்பது எளிதன்று. அத்தகைய முயற்சியில் தம் செல்வத்தையும் உரிமையையும் ஒருங்கே இழந்தும் உள்ளம் தளராது வாழ்ந்தவர் வ. உ. சிதம்பரனார்.

இவர் 1872ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 5ஆம் நாள் திருநெல்வேலிச் சீமையைச் சார்ந்த ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தையார் உலகநாத பிள்ளை. தாயார் பரமாயி அம்மாள். தந்தையாரைப் போலவே இவரும் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். ஏழைகளுக்காக ஊதியம் கருதாது வழக்காடியதனால் மக்களின் அன்புக்கு உரியவரானார். 1900ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் குடியேறினார். அந்நகரின் துறைமுகமே அவருடைய வாழ்க்கையின் போக்கை மாற்றியது.

அக்காலத்தில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் ஓட்டும் உரிமை ஏறக்குறைய முழுவதும் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியின் கையில் இருந்தது. இந்தியக் கடலோரம் எங்கும் அதன் கப்பல்கள் ஓடின. சரக்கு அனுப்பும் வணிகரும், பிழைப்புத் தேடி இலங்கை செல்லும் தொழிலாளரும் அக்கம்பெனி கேட்ட கட்டணத்தைக் கொடுத்தே தீர வேண்டியிருந்தது. கொற்கையிலிருந்து முத்து ஏற்றிக் கடல் கடந்த தமிழர் தம் சொந்தக் கரையிலேயே பிறர் கலத்தை நம்பி நின்றனர். இந்நிலை சிதம்பரனாரின் உள்ளத்தை வருத்தியது.

1905ஆம் ஆண்டில் வங்காளப் பிரிவினையை ஒட்டி எழுந்த சுதேசி இயக்கம் அவருக்கு வழி காட்டியது. 1906ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 16ஆம் நாள் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி பதிவு செய்யப்பெற்றது. மூலதனம் 10 இலட்சம் ரூபாய். அது 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. நான்காம் தமிழ்ச் சங்கத்தை மதுரையில் நிறுவிய பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவரானார். பங்கின் விலை சிறிதாக இருந்தமையால் பெருஞ்செல்வரேயன்றிச் சிறு வணிகரும் பங்காளிகளாயினர்.

தொடக்கத்தில் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாய்க் கம்பெனி ஒன்றிடமிருந்து வாடகைக்குக் கப்பல் அமர்த்தினர். ஆங்கிலக் கம்பெனி அந்தப் பம்பாய்க் கம்பெனியை நெருக்கி, அக்கப்பலைத் திரும்பப் பெறச் செய்தது. சிதம்பரனார் சோர்ந்தாரல்லர். இலங்கையிலிருந்து ஒரு கப்பலை அமர்த்தித் தொழிலை நிறுத்தாது நடத்தினார். பின்னர்ச் சொந்தக் கப்பலோடன்றித் தூத்துக்குடிக்குத் திரும்புவதில்லை என்று உறுதி பூண்டு பம்பாய் சென்றார். அம்முயற்சியின் பயனாக 1907ஆம் ஆண்டில் ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரு கப்பல்கள் ஐரோப்பாவிலிருந்து வந்து சேர்ந்தன. தூத்துக்குடி விழாக்கோலம் பூண்டது.

அதன் பின்னர்க் கட்டணப் போர் மூண்டது. ஆங்கிலக் கம்பெனி ஆள் ஒன்றுக்குக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி அதனை எட்டணாவாக்கியது. ஆங்கிலக் கம்பெனியோ, கட்டணமே வாங்காது பயணிகளை ஏற்றிச் சென்று, குடையும் இனாமாகக் கொடுத்தது.

இதன் உட்பொருளை நாம் உணர்தல் வேண்டும். பல துறைமுகங்களில் கப்பல் ஓட்டும் பெருங்கம்பெனி ஒரு வழியில் அடையும் நட்டத்தை மற்ற வழிகளின் வருவாயால் ஈடு செய்துகொள்ளும். ஒரே வழியை நம்பியுள்ள சிறு கம்பெனிக்கோ ஈடு செய்ய வேறிடம் இல்லை. நிலக்கரியும் மாலுமிகளின் சம்பளமும் நாள்தோறும் செலவாகும். சிறு கம்பெனி அழியும்வரை இனாம் நீடிக்கும். அழிந்தபின் கட்டணம் மீண்டும் ஏறும். எட்டணாவைப் பெரிதாக எண்ணும் ஏழை இனாமை நாடுவது குற்றமாகாது. ஆயினும், அந்த இனாமின் விலையைப் பின்னாளில் அவனே செலுத்த நேரும் என்பதைச் சிதம்பரனார் ஊர்தோறும் எடுத்துரைத்தார். அவர் சொல்லை ஏற்றுக் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறியவரும் பலர்.

கம்பெனியின் பொறுப்போடு அவர் தொழிலாளர் நலத்தையும் மேற்கொண்டார். 1908ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தி வெற்றி தேடித் தந்தார். அவருடைய செல்வாக்கைக் கண்டு அஞ்சிய அரசினர் மார்ச்சுத் திங்கள் 12ஆம் நாள் அவரையும் சுப்பிரமணிய சிவாவையும் சிறைப்படுத்தினர். சூலைத் திங்கள் 7ஆம் நாள் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டதாயினும் கோயம்புத்தூர், கண்ணனூர்ச் சிறைகளில் அவர் பட்ட துயரம் பெரிது. கோவைச் சிறையில் அவர் செக்கிழுத்தார்.

தலைவரை இழந்த கம்பெனி தளர்ந்தது. பங்காளிகள் அரசின் சினத்திற்கு அஞ்சினர். 1911ஆம் ஆண்டில் கம்பெனி கலைக்கப்பட்டது. அரும்பாடுபட்டுக் கொணர்ந்த கப்பல் போட்டிக் கம்பெனிக்கே விற்கப்பட்டது. கட்டணப் போர் கம்பெனியை மெலிவித்தது. அரசின் அடக்குமுறை அதனை வீழ்த்தியது.

1912ஆம் ஆண்டு டிசம்பரில் விடுதலை பெற்ற சிதம்பரனார் சென்னையில் வறுமையுற்று வாழ்ந்தார். ஆயினும் நூல்கள் எழுதினார்; தொல்காப்பியத்தின் இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தார். பறிக்கப்பட்ட வழக்கறிஞர் உரிமை மீண்டும் கிடைக்க உதவிய வாலேசு என்னும் ஆங்கில நீதிபதியின் பெயரைத் தம் மகனுக்கு வாலேசுவரன் எனச் சூட்டினார். ஆங்கில ஆட்சியை எதிர்த்தாரேயன்றி ஆங்கிலேயரிடம் காழ்ப்புக் கொண்டாரல்லர். 1936ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 18ஆம் நாள் தூத்துக்குடியில் அவர் உயிர் நீத்தார்.

போட்டியாளரை அழிக்கும் நோக்கத்தோடு பெருங்கம்பெனி அடக்கவிலைக்கும் கீழாக விற்பதை நம் நாட்டில் 2002ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட போட்டிச் சட்டம் தடுக்கிறது. சென்னைக்கு மேற்கே அம்பத்தூரில் 1960களில் அமைந்த தொழிற்பேட்டையில் ஒன்றிரண்டு இயந்திரங்களோடு பட்டறை நடத்துவோர்க்கும் இத்தகைய காப்பு இன்றியமையாதது. சிதம்பரனாருக்கோ எந்தச் சட்டமும் துணை நிற்கவில்லை; அரசே எதிர் நின்றது. அந்நிலையிலும் கடலில் கலம் செலுத்திய அவருடைய பெயரைத் தூத்துக்குடித் துறைமுகம் 2011ஆம் ஆண்டு முதல் தாங்கி நிற்கிறது.