பேனா முனையும் பெரும்பான்மையும்

நகரசபை கூடுகிறது. தீர்மானம் வருகிறது. கைகள் உயர்கின்றன. ஆதரவு 15, எதிர்ப்பு 11. தீர்மானம் நிறைவேறிற்று! பெரும்பான்மை பேசிய பிறகு மறுபேச்சு ஏது, இனித் தடுப்பார் யார் - என்றுதான் 1882ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் பஃபலோ நகரசபையில் கை உயர்த்தியவர்கள் எண்ணியிருப்பார்கள்.

தடுத்தார் ஒருவர். படை திரட்டி அல்ல, பேனாவை எடுத்து! அவர்தான் அந்நகரின் மேயர், குரோவர் கிளீவ்லண்ட். பிற்காலத்திலே அமெரிக்க நாட்டின் அதிபராக இருமுறை அமர்ந்தவர். அவர் கதையை அறிவது, ஒரு தனி மனிதரைப் போற்றுவதற்காக அல்ல. ஒரு நகரத்தின் சட்டம் எப்படிப் பிறக்கிறது, எப்படித் தடுக்கப்படுகிறது, யார் கையால் நடைமுறைக்கு வருகிறது என்பதை உழைப்பவன் தெரிந்துகொள்வதற்காக.

1837இல் நியூஜெர்சி மாநிலத்திலே, பாதிரியார் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் கிளீவ்லண்ட். குடும்பம் பெரிது, வருமானம் சிறிது. பதினாறு வயதிலே தந்தை இறந்தார். கல்லூரிக் கனவும் அத்தோடு கலைந்தது. பார்வையற்றோர் பள்ளியிலே சிறிது காலம் ஆசிரியர் வேலை. பிறகு பஃபலோவிலே மாமன் வீட்டு ஆதரவு. வழக்கறிஞர் அலுவலகத்திலே எழுத்தர் வேலை பார்த்தபடியே சட்டப் படிப்பு. 1859இல் வழக்கறிஞரானார். பட்டம் பெற்றவர் அல்லர், பாடுபட்டுப் படித்தவர்.

1871 முதல் 1873 வரை அந்த மாவட்டத்தின் ஷெரீப்பாக இருந்தார். தீர்ப்பை நிறைவேற்றும் பதவி அது. இரண்டு பேருக்கு மரண தண்டனை. தூக்கு மேடையின் விசையை இழுக்கக் கூலிக்கு ஒருவரை அமர்த்தியிருக்கலாம், வழக்கமும் இருந்தது. ஆனால் தாமே இழுத்தார். என் கடமையின் பாரத்தை இன்னொருவன் தலையிலே ஏற்றமாட்டேன் என்பது அவர் எண்ணம். தூக்குத் தண்டனை சரியா தவறா என்பது வேறு வழக்கு. ஆனால், சட்டம் காகிதத்திலே முடிவதில்லை, ஒரு மனிதனின் கையிலேதான் முடிகிறது என்பதை அவர் அங்கே கற்றார்.

1881 நவம்பர் தேர்தலிலே மேயராகி, 1882 ஜனவரியிலே பதவி ஏற்றார். அப்போது பஃபலோ, ஏரித் துறைமுகமும் கால்வாயும் ரயில் பாதைகளும் சூழ்ந்த செல்வ நகரம். செல்வம் இருக்கும் இடத்திலே சுரண்டலுக்குப் பஞ்சமா? நகரசபையிலே இரு கட்சியினரும் இருந்தனர். மேடையிலே மோதிக்கொள்வார்கள், குத்தகை என்று வந்துவிட்டால் கைகோத்துக்கொள்வார்கள்!

தெருக்களைப் பெருக்க ஐந்தாண்டுக் குத்தகை வந்தது. பலர் டெண்டர் கொடுத்தனர். நகரசபை யாருக்குக் கொடுத்தது? 4,22,500 டாலர் கேட்டவருக்கு. அதே வேலையை ஒரு லட்சம் டாலருக்கு மேல் குறைத்துச் செய்ய முன்வந்தவர் இருக்க, அவரை ஒதுக்கிவிட்டுக் கூடுதலாகக் கேட்டவருக்குக் கொடுத்தது. அந்த ஒரு லட்சம் யாருடைய பணம்? ஊர் மக்கள் கட்டிய வரிப்பணம்!

இங்கேதான் நகரச் சட்டத்தின் நடைமுறையைக் கவனிக்க வேண்டும். மேயருக்குத் தடுப்பதிகாரம் உள்ள அமெரிக்க நகரங்களிலே, சபை நிறைவேற்றியதும் சட்டம் உயிர்பெற்று விடுவதில்லை. அது மேயரின் மேசைக்குப் போகும். அவர் கையெழுத்திட்டால் சட்டம். கையெழுத்திடாமல் வாளா இருந்தாலும், குறித்த நாட்கள் கழிந்தபின் பல ஊர்களிலே அது சட்டமாகிவிடும். மறுப்பதென்றால், காரணத்தை எழுத்திலே காட்டிச் சபைக்கே திருப்பி அனுப்ப வேண்டும். அதற்குத்தான் வீட்டோ என்று பெயர். திரும்பி வந்ததைச் சபை மறுபடி எடுத்து வாக்கெடுக்கலாம். இம்முறை வெறும் பெரும்பான்மை போதாது. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்பதே பொதுவான விதி. 26 பேர் கொண்ட சபையிலே அது 18. குத்தகைக்குக் கிடைத்ததோ 15!

1882 ஜூன் திங்களிலே கிளீவ்லண்ட் திருப்பி அனுப்பினார். பூசி மெழுகவில்லை. இது மக்கள் நலனைக் காட்டிக்கொடுக்கும் திட்டம், வெட்கமற்ற சூழ்ச்சி என்ற கருத்திலே, நேருக்கு நேராக எழுதினார். எழுத்திலே காரணம் காட்ட வேண்டும் என்ற விதியின் வலிமை அப்போதுதான் விளங்கிற்று. காரணம் ஊருக்குத் தெரிந்தது. பத்திரிகைகள் வெளியிட்டன. கை தூக்கியவர்கள் ஊரார் முகத்தைப் பார்க்க வேண்டியவர்கள் அல்லவா? பின்வாங்கினார்கள். குறைந்த தொகை கேட்டவருக்கே குத்தகை போயிற்று. சாக்கடைத் திட்டத்தைத் தக்கவர்கள் கொண்ட குழுவிடம் ஒப்படைக்கச் சொன்னபோதும், முதலிலே முரண்டிய சபை பிறகு இணங்கிற்று.

வீட்டோ மேயர் என்று ஊர் அழைத்தது. அந்தப் பெயரே அவரை உயர்த்தியது. ஓராண்டு மேயராக இருப்பதற்குள் நியூயார்க் மாநில ஆளுநர் தேர்தலிலே வென்றார். 1885இல் அமெரிக்க அதிபர்! பஃபலோவின் தெருப்புழுதியிலிருந்து வெள்ளை மாளிகைக்கு மூன்றே ஆண்டுகள்!

கதை இத்தோடு முடிந்தால் இனிக்கும். முடியவில்லை, தோழர்களே!

1883இல் அவர் ஆளுநர். நியூயார்க் நகரிலே, தெருக்களுக்கு மேலே தூண் நிறுத்தி ஓடிய ரயில், ஜே கூல்டு என்ற பெருமுதலாளியின் ஆதிக்கத்தில் இருந்தது. கட்டணம் பத்து சென்ட். எல்லா நேரத்திலும் ஐந்து சென்ட்டே வாங்க வேண்டும் என்று மாநில சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. ஏழை எளியவர் மகிழ்ந்தனர். கிளீவ்லண்டின் பேனா எழுந்தது. கம்பெனியோடு அரசு முன்பு செய்த ஒப்பந்தத்தை மீறக் கூடாது என்று மறுத்துவிட்டார். அடுத்த ஆண்டு, டிராம் வண்டி கண்டக்டர்களுக்கும் ஓட்டுநர்களுக்கும் நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்ற மசோதா வந்தது. எட்டு மணி அல்ல, பன்னிரண்டு மணி! அதையும் மறுத்தார்.

அதே பேனா. அதே நேர்மை. அவர் லஞ்சம் வாங்கினார் என்று எவரும் சொல்ல முடியாது. பஃபலோவிலே கருவூலத்தைக் காத்த கண், நியூயார்க்கிலே ஒப்பந்தத்தைப் பார்த்தது. வண்டியிலே நின்று நின்று கால் வீங்கியவனைப் பார்க்கவில்லை. திருடனைக் கண்டுபிடிக்க நேர்மை போதும். உழைப்பவனின் துயரைக் கண்டுகொள்ள அது மட்டும் போதாது!

1887இல் வறட்சியால் வாடிய டெக்சாஸ் உழவர்களுக்கு விதை வாங்க 10,000 டாலர் தரும் மசோதாவையும் அதிபராக இருந்து மறுத்தார். 1894இல், இரண்டாம் முறை அதிபராக இருந்தபோது, புல்மன் ரயில்பெட்டிக் கம்பெனி கூலியைக் குறைத்தது. தொழிலாளர் குடியிருந்த வீடுகளின் வாடகையைக் குறைக்கவில்லை. வேலைநிறுத்தம் வெடித்தது. தபால் தடைபடுகிறது என்று காரணம் காட்டி, இலினாய் மாநில ஆளுநர் ஆல்ட்கெல்டு எதிர்த்தும் கேளாமல், சிகாகோவுக்குப் பட்டாளத்தை அனுப்பினார் கிளீவ்லண்ட். தொழிற்சங்கத் தலைவர் யூஜின் டெப்ஸ் சிறை சென்றார். அதே 1894இல், தொழிலாளர் தினத்தை நாடு முழுவதற்கும் விடுமுறையாக்கும் சட்டத்திலே கையெழுத்திட்டவரும் இவரே! ஒரு கையிலே விடுமுறை; மறு கையிலே துப்பாக்கி.

அதிபராக இருந்த எட்டாண்டுகளிலே அவர் பயன்படுத்திய தடுப்பதிகாரம் 584 முறை. 1908இல் பிரின்ஸ்டனிலே காலமானார். அந்நாட்டார் அவரை நேர்மையாளர் என்று நினைவு கூர்கிறார்கள். தவறில்லை. ஆனால் டிராம் தொழிலாளிக்கு ஒரு கணக்கு உண்டு. அதையும் எழுதித்தான் வரலாற்றை முடிக்க வேண்டும்.

அந்தக் கணக்கு சொல்வது என்ன? கை தூக்குவது முதல் வாசல். கையெழுத்து இரண்டாம் வாசல். நடைமுறைப்படுத்தும் அதிகாரி மூன்றாம் வாசல். கொள்ளைக்காரன் மூன்று வாசலையும் அறிந்து வைத்திருக்கிறான். உழைப்பவனோ முதல் வாசலிலேயே வெற்றி முழக்கமிட்டு வீடு திரும்பிவிடுகிறான். நல்லவர் ஒருவர் நாற்காலியிலே இருக்கிறார், அவர் பார்த்துக்கொள்வார் என்று உறங்கிவிடுகிறான். அவர் எதைப் பார்ப்பார், எதைப் பாராதிருப்பார் என்று கேட்பதில்லை.

நியூயார்க் டிராம் தொழிலாளர் உறங்கவில்லை. வீட்டோ விழுந்து இரண்டாண்டு கழியும் முன், 1886இலே, அதே 12 மணி நேரக் கோரிக்கையோடு வேலைநிறுத்தத்தில் இறங்கினர். மசோதாவை மறுக்க ஆளுநரின் ஒரு பேனா போதும். ஆனால் அந்தக் கோரிக்கையை மறக்கடிக்க எந்தப் பேனாவாலும் முடியவில்லை!