காற்றோடு கணக்குப் பார்த்தவர்

பாரிஸ் மாநகர் என்றதும் நம் மனக்கண்ணில் முதலில் எழுவது மாளிகையன்று, தேவாலயமுமன்று. வானை நோக்கி நிமிர்ந்து நிற்கும் ஓர் இரும்புக் கோபுரமே எழுகிறது. படத்திலாவது அதைப் பாராதவர் நம்முள் எவரும் இரார். ஆயினும், அக்கோபுரத்துக்கு முதலில் அளிக்கப்பட்ட ஆயுள் இருபதே ஆண்டுகள் என்பதை அறிந்தோர் சிலரே. இருபது ஆண்டுகள் கழிந்ததும் அது நகராட்சியின் கைக்குப் போகும். வேண்டாமென்று தோன்றினால் பிரித்துப் பழைய இரும்பாக விற்றுவிடலாம் என்பதே ஏற்பாடு.

அப்படியிருக்க அது எப்படிப் பிழைத்தது? அழகாயிருக்கிறது என்றா விட்டுவைத்தார்கள்? இல்லை. அழகில்லை என்று சொன்னவர்களே அந்நாளில் பெரியவர்கள். கட்டியவர் அதற்கு ஒரு வேலை தேடிக் கொடுத்தார்; அதனால் அது பிழைத்தது. கோபுரத்தைப் போலவே அவருடைய வாழ்வும் ஒருமுறை விழுந்துவிடும் நிலைக்கு வந்து, பிறகு நிலைத்து நின்றது. அவர்தாம் குஸ்தாவ் ஈபெல்.

பிரான்சு நாட்டின் திஜோன் நகரில் 1832ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் அவர் பிறந்தார். முன்னோர் ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர்கள். குடும்பப் பெயர் பெனிக்ஹவுசன். பிரெஞ்சுக்காரர் வாயில் நுழையாத அப்பெயரோடு, முன்னோரின் ஊர்ப்புறமான ஐபல் மலைநாட்டின் பெயரையும் குடும்பத்தார் சேர்த்து வழங்கினர். பிற்பாடு அந்த ஊர்ப்பெயர் மட்டுமே நிலைத்தது. தந்தை படையில் பணியாற்றியவர். தாயோ நிலக்கரி வாணிகம் நடத்திக் குடும்பத்தை உயர்த்திய ஆற்றல் மிக்க பெண்மணி. கணக்கும் துணிவும் மகனுக்குத் தாய்வழிச் செல்வம் என்று கூறலாம்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். ஈபெல் முதல் மாணவராக விளங்கியவர் அல்லர். நாட்டிலேயே தலைசிறந்ததெனப் புகழ்பெற்ற பாலிடெக்னிக் கல்லூரியில் சேர விரும்பி முயன்றார், இடம் கிடைக்கவில்லை. சென்ட்ரல் என்னும் மற்றொரு கல்லூரியில் சேர்ந்து 1855இல் பட்டம் பெற்றார். அங்கே அவர் சிறப்பாகப் பயின்றது பாலமோ கட்டடமோ அன்று, இரசாயனம்! தாய்மாமன் முறையான உறவினர் ஒருவருடைய தொழிற்சாலையில் வேலைக்கு அமரலாம் என்பது எண்ணம். குடும்பத்தில் மூண்ட மனத்தாங்கல் அக்கதவையும் மூடிவிட்டது. இரண்டு கதவுகள் மூடிய பிறகுதான் அவர் இரும்பின் பக்கம் வந்தார்.

அது இரயில் பாதைகள் ஐரோப்பாவெங்கும் பரவிய காலம். பாதை சென்ற இடமெல்லாம் ஆறு குறுக்கிட்டது. ஆறு தோறும் பாலம் தேவைப்பட்டது. போர்தோ நகரில் கரோன் ஆற்றின் குறுக்கே 500 மீட்டர் நீளப் பாலம் ஒன்று அமைக்கும் பொறுப்பு, 1858இல், இருபத்தைந்து வயதே நிரம்பிய ஈபெலிடம் வந்து சேர்ந்தது. ஆற்றின் அடியில் தூண்களை இறக்குவதற்கு, அழுத்திய காற்றைக் கொண்டு நீரை வெளியேற்றும் புதுமுறையை அவர் கையாண்டார். 1860இல் பாலம் முடிந்தது. பாரிஸை அடுத்த லெவலுவா-பெரே என்னும் இடத்தில் 1866இல் அவர் தமக்கென ஒரு பட்டறை தொடங்கினார்.

இனி அவர் வாழ்நாள் முழுவதும் அவரோடு மோதிய எதிராளியைச் சொல்ல வேண்டும். அந்த எதிராளி காற்று. உயரத்தில் நிற்கும் எதையும் காற்று தள்ளுகிறது. சுமையைத் தாங்கும் கணக்கை அக்காலத்து எஞ்சினியர்கள் நன்கு அறிந்திருந்தனர். காற்றைத் தாங்கும் கணக்கில் பலர் அசட்டையாக இருந்தனர். அதன் விலை 1879 டிசம்பர் 28ஆம் நாள் இரவு தெரிந்தது. ஸ்காட்லாந்தில் டே ஆற்றின் மேலிருந்த நீண்ட பாலம் புயலில் முறிந்தது. அதன்மேல் சென்றுகொண்டிருந்த இரயில் வண்டி ஆற்றில் விழுந்தது. வண்டியில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. பாலத்தை வகுத்தவர் காற்றுக்கெனத் தனியே இடங்கொடுத்துக் கணக்கிடவில்லை என்பது விசாரணையில் வெளியாயிற்று.

ஈபெலின் வழி வேறு. காற்றை மறிக்காதே, ஊடே போகவிடு என்பதே அவர் பாலங்கள் கூறும் பாடம். கனத்த சுவர்போல் தூணை எழுப்பாமல், மெல்லிய இரும்புச் சட்டங்களைக் குறுக்கும் நெடுக்கும் பின்னி வலைபோல் அமைத்தார். காற்று படும் பரப்பு குறைந்தது; எடையும் குறைந்தது; செலவும் குறைந்தது. போர்ச்சுகலின் ஓபோர்ட்டோ நகரில் டூரோ ஆற்றை 160 மீட்டர் அகலமுள்ள ஒரே வளைவால் தாவும் மரியா பியா பாலம் 1877இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் மனைவி மரி இறந்தார். ஐந்து குழந்தைகளின் தந்தையான ஈபெல் மறுமணம் செய்துகொள்ளவில்லை. தென் பிரான்சின் மலைப்பகுதியில், ஆற்றுக்கு மேல் 122 மீட்டர் உயரத்தில் இரயில் செல்லும் கராபி பாலம் 1884இல் முடிந்தது. நியூயார்க் துறைமுகத்தில் நிற்கும் சுதந்திர தேவியின் செப்பு ஆடைக்குள்ளே மறைந்திருக்கும் இரும்பு எலும்புக்கூடும் அவர் பட்டறையின் வேலையே. வெயிலில் செம்பு விரிந்தாலும், கடற்காற்று மோதினாலும், மேல்தகடு சற்றே அசைந்து கொடுக்கும்படி அது அமைக்கப்பட்டது. அச்சிலை 1886இல் திறந்து வைக்கப்பட்டது.

இப்போது கோபுரத்துக்கு வருவோம். பிரெஞ்சுப் புரட்சியின் நூற்றாண்டு நிறைவையொட்டி 1889இல் பாரிஸில் உலகப் பொருட்காட்சி நடக்கவிருந்தது. அதற்கென 300 மீட்டர், அதாவது ஏறத்தாழ 1,000 அடி உயரக் கோபுரம் ஒன்றை முதன்முதல் எண்ணிப் பார்த்தவர் ஈபெல் அல்லர். அவரிடம் வேலை பார்த்த மோரிஸ் கெக்லின், எமில் நூகியே என்ற இரு எஞ்சினியர்களே அவர்கள். 1884 ஜூன் மாதம் கெக்லின் முதல் படத்தை வரைந்தார். ஈபெல் அப்போது அதில் பெரிதும் ஊக்கம் காட்டவில்லை. கட்டடக் கலைஞர் ஸ்தெபான் சோவெஸ்தர் அடியில் பெருவளைவுகளைச் சேர்த்து அதற்கு ஒப்பனை செய்த பிறகே அவர் மனம் அதில் சென்றது. மூவர் பெயரிலும் உரிமை பதிவாயிற்று. பிறகு மற்றிருவர் பங்கையும் ஈபெல் விலைக்கு வாங்கிக்கொண்டார்.

அப்படியானால் ஈபெலின் பங்கு என்ன? ஒரு படத்தைக் கோபுரமாக்கும் பொறுப்பை அவர் தம் தலைமேல் ஏற்றார். அரசாங்கம் கொடுத்தது 15 லட்சம் பிராங்க். அது செலவில் கால்பங்குக்கும் காணாது. எஞ்சியதைத் தாமே திரட்டினார். இருபது ஆண்டுகள் நுழைவுக் கட்டணம் பெறும் உரிமையே அவருக்குக் கைம்மாறு. கோபுரம் சாய்ந்தால் அவரும் சாய்ந்திருப்பார்.

1887 ஜனவரி இறுதியில் வேலை தொடங்கியது. அடுத்த மாதமே எதிர்ப்பும் தொடங்கியது. பாரிஸ் ஆப்பெரா மண்டபத்தை அமைத்த கார்னியே, இசை மேதை கூனோ, எழுத்தாளர்கள் மாப்பசான், இளைய டூமா முதலியோர் கையொப்பமிட்ட கண்டன அறிக்கை ஒன்று செய்தித்தாளில் வெளிவந்தது. பாரிஸின் பழம்பெரும் அழகையெல்லாம் இந்த இரும்பு அரக்கன் நசுக்கிவிடும் என்பது அவர்கள் வாதம். ஈபெல் சினம் கொள்ளவில்லை. காற்றின் விசைக்கு ஏற்ப வகுத்த வளைவுக்கும் தனியே ஓர் அழகு உண்டு என்பதே அவர் தந்த விடையின் சாரம். கோபுரத்தின் நான்கு கால்களும் அடியில் அகன்று மேலே குவிவது சிற்பியின் கற்பனையன்று. காற்று எவ்வுயரத்தில் எவ்வளவு தள்ளும் என்ற கணக்கே அவ்வடிவம் கொண்டது.

வேலை நடந்த விதம் வியப்புக்குரியது. பதினெண்ணாயிரத்துக்கு மேற்பட்ட இரும்புத் துண்டுகள் லெவலுவா பட்டறையில் வரைபடத்தின்படி அறுத்துத் துளையிடப்பட்டு வந்தன. துளை பொருந்தாத துண்டைக் களத்தில் சுத்தியால் அடித்துச் சரிக்கட்டுவது கிடையாது. பட்டறைக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். எல்லாவற்றையும் இணைத்தவை 25 லட்சம் ரிவெட் ஆணிகள். களத்தில் ஆணி ஒன்றுக்கு நால்வர்: ஒருவர் காய்ச்ச, ஒருவர் பிடிக்க, ஒருவர் தலை வடிக்க, ஒருவர் சம்மட்டியால் அடிக்க. நான்கு கால்களையும் ஒரே மட்டத்தில் சேர்ப்பதற்கு, அடியில் மணல் நிரப்பிய பெட்டிகளும் நீரழுத்தத் தூக்கிகளும் வைத்திருந்தார்கள். மணலைச் சிறிது வெளியேவிட்டால் கால் சிறிது இறங்கும். ஆயிரக்கணக்கான டன் எடையை இப்படி நூல் பிடித்தாற்போல் நகர்த்தினார்கள். களத்தில் வேலை செய்தோர் எப்போதும் சில நூறு பேருக்கு மேற்படவில்லை. இரண்டு ஆண்டுகளும் இரண்டு மாதங்களும் சில நாட்களுமே ஆயின. 1889 மார்ச் 31ஆம் நாள், லிப்ட் இன்னும் இயங்காத நிலையில், ஐம்பத்தாறு வயது ஈபெல் படியேறிச் சென்று உச்சியில் நாட்டுக் கொடியை ஏற்றினார். அவ்வாண்டு ஏறக்குறைய 20 லட்சம் பேர் கோபுரத்தில் ஏறினர்; போட்ட பணத்தில் பெரும்பகுதி திரும்பி வந்தது.

புகழின் உச்சியிலிருந்து வீழ்ச்சி வெகு தொலைவில் இல்லை. சூயஸ் கால்வாய் புகழ் லெசப்ஸ் தொடங்கிய பனாமாக் கால்வாய்க் கம்பெனிக்கு நீர்ப்பூட்டுகள் அமைத்துத் தர 1887இல் ஈபெல் ஒப்பந்தம் செய்திருந்தார். கம்பெனி 1889இல் முறிந்தது. சேமிப்பைப் போட்ட எளிய மக்கள் எண்ணற்றோர் பணத்தை இழந்து தவித்தனர். நாடெங்கும் கொதிப்பு. கம்பெனியின் தலைவர்களோடு ஈபெலும் கூண்டில் ஏற்றப்பட்டார். 1893 பிப்ரவரியில் இரண்டு ஆண்டுச் சிறையும் 20,000 பிராங்க் அபராதமும் விதிக்கப்பட்டன. அதே ஆண்டு ஜூனில் மேல் நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. வழக்குத் தொடுக்கும் காலம் கடந்துவிட்டது என்பதே அதற்குக் காரணம். தண்டனை போயிற்று, பழி முழுதும் போய்விட்டது என்று சொல்ல முடியாது. அதற்கு முன்பே, 1891இல், சுவிட்சர்லாந்தில் அவருடைய பட்டறை 1875இல் அமைத்த பாலம் ஒன்று பயணிகள் வண்டியோடு முறிந்து எழுபதுக்கு மேற்பட்டோர் மாண்டிருந்தனர். அழுத்தத்தில் இரும்புத் தண்டு எவ்வாறு வளைந்து நொடிகிறது என்ற பழைய சூத்திரத்தையே அறிஞர்கள் மறுபடி ஆராய அவ்விபத்து வழிகோலியது.

அறுபது வயது. தம் பெயர் தாங்கிய கம்பெனியிலிருந்து அவர் விலகினார். அதன் பெயர்ப்பலகையிலிருந்தும் அவர் பெயர் இறங்கியது. செல்வத்துக்குக் குறைவில்லை. ஒதுங்கி ஓய்ந்திருக்கலாம். ஆனால் அவர் ஓயவில்லை. மீண்டும் தம் பழைய எதிராளியைத் தேடிப்போனார். இம்முறை அதை வெல்வதற்கன்று, அறிவதற்கு.

கோபுர உச்சியில் வானிலை ஆராய்ச்சிக்கு இடம் செய்து தந்தார். இரண்டாம் தளத்திலிருந்து பல வடிவப் பொருள்களைக் கம்பி வழியே கீழே விழவிட்டுக் காற்றின் எதிர்ப்பை அளந்தார். 1909இல் கோபுரத்தின் அடியிலேயே ஒரு காற்றுச் சுரங்கம் அமைத்தார். 1912இல் அதை ஓத்தேய் என்னும் பகுதிக்கு மாற்றிப் பெரிதாக்கினார். விமானம் பிறந்து சில ஆண்டுகளே ஆன காலம் அது. விமான இறக்கையைத் தூக்குவதில், கீழிருந்து தள்ளும் காற்றைவிட மேற்புறத்தில் ஏற்படும் உறிஞ்சலுக்கே பங்கு மிகுதி என்பதை அளந்து காட்டியவர்களுள் அவர் முதன்மையானவர். இவ்வாராய்ச்சிக்காக 1913இல் அமெரிக்காவின் சுமித்சோனியன் நிறுவனம் லாங்லி பதக்கம் அளித்தது. அப்போது அவருக்கு வயது எண்பது!

இதற்கிடையில் இருபது ஆண்டுக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. 1898இலேயே டுக்ரெதே என்பவர் கோபுரத்திலிருந்து நான்கு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த பாந்தியோன் மண்டபத்துக்குக் கம்பியில்லாத் தந்தி அனுப்பிக் காட்டியிருந்தார். ஈபெல் அதைப் பற்றிக்கொண்டார். படைத்துறையைச் சேர்ந்த ஃபெரியே என்ற அதிகாரிக்குக் கோபுரத்தைத் திறந்துவிட்டு, சோதனைக்கான செலவையும் ஏற்றார். செய்தி எட்டும் தூரம் ஆண்டுதோறும் பெருகியது. கெடு முடிந்தபோது, அழகா அன்றா என்ற வழக்கு தீர்ந்திருக்கவில்லை. ஆனால் நாட்டுக்கு இன்றியமையாத ஒன்றை யார் இடிப்பார்? 1910 முதல் மேலும் எழுபது ஆண்டுகளுக்கு உரிமை நீட்டிக்கப்பட்டது. 1914இல் உலகப்போர் மூண்டதும், பகைவரின் செய்திகளை ஒற்றுக்கேட்கும் செவியாக அக்கோபுரம் நாட்டைக் காத்தது.

1923 டிசம்பர் 27ஆம் நாள், தொண்ணூற்றொரு வயதில், ஈபெல் பாரிஸில் காலமானார். உலகின் மிக உயர்ந்த கட்டுமானம் என்ற பெருமை 1930இல் நியூயார்க்கின் கிரைஸ்லர் கட்டடத்துக்குப் போனது. ஆனாலும் கோபுரத்தைக் காண வருவோர் குறையவில்லை. 2022இல் புதிய ஒலிபரப்புக் கம்பம் பொருத்தியபின் அதன் உயரம் 330 மீட்டர். அதன் உச்சிக்கு இன்றும் வேலை இருக்கிறது.

முதல் தளத்தின் வெளிப்புறத்தில் 72 அறிவியலாளர், எஞ்சினியர் பெயர்களை ஈபெல் பொறிக்கச் செய்தார். தம் கலைக்கு அடிப்படை இட்டோருக்கு அவர் செலுத்திய நன்றி அது. ஆனால் அப்பட்டியலில் பெண் ஒருவர்கூட இடம்பெறவில்லை. இரும்பு வளைந்து நிமிரும் தன்மையை ஆராய்ந்து பரிசு பெற்ற சோபி ஜெர்மேன் பெயரும் இல்லை. முதல் படத்தை வரைந்த கெக்லின் பெயரை உலகம் மறந்தே போயிற்று. இக்குறைகளை எடுத்துச் சொல்வது ஈபெலை இகழ்வதாகாது. பெருங்கோபுரம் எதுவும் ஒருவர் தோளில் நிற்பதில்லை என்பதே இதன் பொருள்.

நண்பர்களே! உலகின் பெருங்கட்டடங்களை நாம் அண்ணாந்து பார்க்கிறோம்; எத்தனை அடி என்று கேட்கிறோம்; படம் எடுத்துக்கொள்கிறோம். இன்னும் ஒரு கேள்வி கேட்கலாம்: இதை இன்றுவரை நிற்க வைத்தது எது? ஈபெல் கோபுரத்தைப் பொறுத்தவரை விடை இரண்டு. புயலில் அதைத் தாங்கி நிற்பது கணக்கு. மனிதர் கையிலிருந்து அதைக் காப்பாற்றியது அது செய்த பணி. விரும்பிய கல்லூரி கிடைக்காதபோதும், அறுபது வயதில் பெயர் கெட்டபோதும், அம்மனிதரைக் காப்பாற்றியதும் அடுத்த வேலைதான். கோபுரத்தின் வயதைவிட இப்பாடம் பழையது. எனினும் நம் போன்றோர்க்கு அதை இரும்பில் எழுதிக் காட்டியவர் அவர்.