குறி தவறிய கம்பி

பெட்டிக்குள் ஓர் எலி. அதன் எதிரே ஒரு விசை. எலி அதை அழுத்துகிறது, மறுபடியும் அழுத்துகிறது. மணிக்கு 2,000 தடவைக்கு மேல்! ஆகாரம் கிடைக்கிறதா? இல்லை. மூளைக்குள் ஒரு கணம் மின்சாரம் பாய்கிறது, அவ்வளவுதான்.

இந்த விந்தையைக் கண்டவர் அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் ஓல்ட்ஸ்.

1922-ம் ஆண்டு மே 30-ந் தேதி சிகாகோவில் பிறந்தார். தந்தை லேலண்ட் ஓல்ட்ஸ், ஜனாதிபதி ரூஸ்வெல்ட் காலத்தில் மத்திய மின்சக்திக் கமிஷனின் தலைவராக இருந்தவர். தந்தைக்கும் மின்சாரம், மகனுக்கும் மின்சாரம்! மகன் கையாண்டது மட்டும் மிகமிகச் சொற்பம்.

யுத்த காலத்தில் ராணுவத்தில் பணி புரிந்தார். 1952-ல் ஹார்வர்டு சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றார். மனோதத்துவம் படித்தவரே தவிர, மூளையில் கை வைத்துப் பழக்கமில்லை. 1953-ல் கனடாவின் மான்ட்ரியால் நகருக்குப் போய், மக்கில் சர்வகலாசாலையில் பேராசிரியர் ஹெப்பிடம் சேர்ந்தார். எலியின் மூளையில் கம்பி பொருத்தும் வித்தையை அங்கே கற்றுக்கொடுத்தவர் பீட்டர் மில்னர்.

விழிப்பை உண்டாக்கும் பகுதியில் கம்பி வைப்பதுதான் நோக்கம். ஓர் எலிக்கு வைத்தார். அது சௌக்கியமாக நடமாடியது. பெட்டியின் ஒரு மூலைக்கு அது வரும்போதெல்லாம் மின்சாரம் கொடுத்தார். எலி ஓடிப் போகவில்லை. அந்த மூலைக்கே திரும்பத் திரும்ப வந்தது!

பிறகுதான் தெரிந்தது, கம்பி குறி தவறி வேறிடத்தில் இறங்கியிருக்கிறது என்று. வேறொருவராக இருந்தால், கெட்டுப்போன எலி என்று ஒதுக்கியிருப்பார். ஓல்ட்ஸ் விடவில்லை. விசையை எலியிடமே கொடுத்தார். 1954-ல் மில்னரோடு சேர்ந்து முடிவை வெளியிட்டார்.

அதுவரை பல அறிஞர்கள் என்ன நினைத்தார்கள்? பசி தீருவது, வலி நீங்குவது, இவைதாம் பிராணிக்கு வெகுமதி. அதற்காகவே அது கற்கிறது என்று. இங்கோ பசித்த எலியே தீனியைப் புறக்கணித்து விசைக்கு ஓடியது! மின்சாரத்தை நிறுத்தினால் சில தடவை அழுத்திப் பார்த்துவிட்டுத் தூங்கிவிட்டது.

மூளையில் இன்ப மையம் என்று உலகம் வியந்தது. எலி கண்டது இன்பந்தானா, அல்லது ஓயாத வேட்கையா? டோபமைன் என்னும் ரசாயனத்தை ஆராய்ந்த பின்வந்தோர், இரண்டும் வேறு வேறு என்று காட்டினார்கள். அந்தப் பெயர் அவசரத்தில் வைத்ததென்றே தோன்றுகிறது.

1969-ல் ஓல்ட்ஸ் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தார். எலி ஒன்றைக் கற்கும்போது எந்த நரம்பணு முதலில் மாறுகிறது என்று தேடினார். மனைவி மரியானும் ஆராய்ச்சியில் துணை நின்றார்.

1976 ஆகஸ்டில் கடலில் நீந்தப் போனவர் கரைக்கு உயிரோடு திரும்பவில்லை. அப்போது அவருக்கு வயது 54.